கேமரா செட்டிங்க்ஸை எடிட்டிங் ஸ்லைடர் வழியா கத்துக்கிட்டது – சில வருஷ அனுபவம்

போட்டோகிராபி எப்படி கத்துக்கிறதுன்னு யாரு கேட்டாலும் வழக்கமா வர்ற பதில், மொதல்ல மேனுவல் மோடு (எல்லா செட்டிங்கையும் நாமளே வைக்கறது) பழகுங்க, எடிட்டிங்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ங்கிறதுதான். நான் அப்படி பண்ணல. ரெண்டையும் ஒண்ணாவே ஆரம்பிச்சேன், இன்னும் சொல்லப்போனா எடிட்டிங்ல உக்காந்த நேரம்தான் ஜாஸ்தி. சில வருஷம் ஓடிப்போச்சு, இப்ப யோசிச்சா கேமரா செட்டிங்க்ஸ்ல எனக்கு புரிஞ்ச முக்கால்வாசி விஷயம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து புரிஞ்சதுதான். கோர்ஸ்லாம் எதுவும் சேரல. ஒரு என்ட்ரி லெவல் க்ராப் சென்சார் (வெளிச்சத்தை பதியுற சென்சார் கொஞ்சம் சின்னதா இருக்குற) கேமரா, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ், கொஞ்ச நாள் கழிச்சு ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், ஒரு பழைய லேப்டாப், அவ்ளோதான். எந்த கேமரா வாங்கலாம்னு தேடி வந்தவங்களுக்கு இதுல ஒண்ணும் கிடைக்காது, இப்பவே சொல்லிடறேன்.

விஷயம் ரொம்ப சிம்பிள். எடிட் பண்றப்ப எந்த ஸ்லைடரை (சாஃப்ட்வேர்ல இழுத்து மாத்துற பட்டையை) திரும்பத் திரும்ப இழுக்குறோம்னு கவனிக்கணும். ஒவ்வொரு தடவையும் எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்சத்தை ஏத்திக்கிட்டே இருந்தா, கேமரா எதையோ பாத்து ஏமாறுதுன்னு அர்த்தம். எனக்கு அப்படித்தான் வெள்ளைச் சுவர், வெளிறின வானம், வெள்ளை டிரஸ்னு பின்னணி வெளுப்பா இருக்குற படம் எல்லாமே ஒரு மாதிரி இருட்டா வந்துட்டு இருந்துச்சு. அப்புறம் ஒரு டெஸ்ட் பண்ணேன், இது யாரு வேணா வீட்லயே பண்ணலாம். ஒரு வெள்ளைப் பேப்பரை ஃப்ரேம் முழுக்க வர்ற மாதிரி ஆட்டோவுல எடுங்க, அடுத்து ஒரு கறுப்புத் துணியை அதே மாதிரி எடுங்க. ரெண்டு படமும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் கலர்ல வந்து நிக்கும். ஏன்னா வெளிச்சத்தை அளக்குற கேமரா மீட்டருக்கு முன்னாடி இருக்கறது வெள்ளையா கறுப்பான்னு தெரியாது, எதை காட்டினாலும் ஒரு நடுத்தர சாம்பலுக்கு கொண்டுவரப் பாக்கும், 18 சதவீத சாம்பல்னு சொல்றது இதைத்தான். அதனால வெளுப்பான சீனுக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணிச்ச வெளிச்சத்தை நாம கூட்டிக் குறைக்கிற செட்டிங்) பிளஸ் 1, பிளஸ் 1.5னு ஏத்தணும், கறுப்பு ஜாஸ்தி இருந்தா மைனஸ்ல போகணும். இதைப் படிச்சப்ப என் மண்டையில ஏறல, ஸ்லைடரை இழுத்து இழுத்து கை வலிச்சப்பதான் ஏறுச்சு.

அபெர்ச்சருக்கு, அதாவது லென்ஸ்ல வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டைக்கு வருவோம். அபெர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்திருக்குற நேரம்), ஐஎஸ்ஓ (வந்த வெளிச்சத்தை பெருக்கிக் காட்டுற அளவு) மூணையும் சேத்து எக்ஸ்போஷர் ட்ரையாங்கிள்னு ஒரு முக்கோணம் எல்லா இடத்துலயும் போட்டு வச்சிருப்பாங்க, எனக்கு அந்தப் படத்தால பெருசா பிரயோஜனம் இல்ல. ஜன்னல் பக்கத்துல ஒரு கப்பை வச்சு, கேமராவை மேஜை மேல அசையாம வச்சு, அபெர்ச்சர் ப்ரையாரிட்டில (அபெர்ச்சரை நாம வைப்போம், ஷட்டரை கேமரா பாத்துக்கும்) 1.8ல இருந்து 16 வரைக்கும் ஒண்ணொண்ணா எடுத்து, லேப்டாப்ல 100 சதவீதம் ஜூம் பண்ணி பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன். 1.8ல லேசா சாஃப்டா இருக்கு, 4, 5.6 கிட்ட நல்ல ஷார்ப், 16 போனா மறுபடி சாஃப்ட் ஆகுது. ஓட்டை ரொம்ப சின்னதா போனா ஒளி அங்க சிதற ஆரம்பிக்கும், டிஃப்ராக்ஷன்னு பேரு. நம்பர் சின்னதா இருந்தா ஓட்டை ஏன் பெருசுங்கிற குழப்பமும் அப்பதான் தீர்ந்துச்சு, அது ஒரு வகுத்தல் கணக்கு. 50 எம்எம் லென்ஸை 1.8ஆல வகுத்தா ஓட்டை சுமார் 28 எம்எம், 16ஆல வகுத்தா வெறும் 3 எம்எம் சொச்சம்.

எஃப் 1.8 வாங்கின எல்லாருமே கொஞ்ச நாள் எல்லாத்தையும் 1.8லயேதான் எடுப்பாங்க, பின்னணி கரைஞ்சு போறது பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா க்ராப் சென்சார்ல 50 எம்எம் லென்ஸை வச்சு ஒரு மீட்டர் தூரத்துல முகத்தை எடுத்தா ஃபோகஸ்ல நிக்குற ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். அதாவது மூக்கு நுனி ஷார்ப்பா இருந்தா கண்ணு இருக்காது. ஆளு லேசா முன்னாடி சாய்ஞ்சாலே போச்சு. அதுவும் கேமரா பின்னாடி இருக்குற சின்ன ஸ்க்ரீன்ல எல்லாமே ஷார்ப்பாதான் தெரியும், பெருசு பண்ணாத்தான் வண்டவாளம் வெளிய வரும். இப்ப முகம்னா நான் 2.8, 4 பக்கம்தான் போறேன், ரெண்டு பேர் நின்னா 5.6.

மங்கலா வந்த படம்னா உடனே டெலிட் பண்ணாதீங்க, அதை 100 சதவீதம் ஜூம்ல வச்சு ஏன் மங்குச்சுன்னு பாருங்க, இதுல கத்துக்கறதுக்கு நிறைய இருக்கு. படம் முழுக்க ஒரே திசையில இழுபட்டிருந்தா கை ஆடியிருக்கு. பின்னணி தெளிவா இருந்து ஆளு மட்டும் இழுபட்டிருந்தா ஷட்டர் ஸ்பீடு பத்தல. ரெண்டும் இல்லாம ஆளுக்கு பின்னாடி இருக்குற செடியோ முன்னாடி இருக்குற கையோ பளிச்சுனு இருந்தா ஃபோகஸ் வேற எங்கயோ உக்காந்திருக்கு. மூணுக்கும் மருந்து வேற வேற. கை ஆட்டத்துக்கு ஃபோகல் லென்த்தோட (லென்ஸ்ல போட்டிருக்குற எம்எம் நம்பர்) கணக்கு இருக்கு, 50 எம்எம்னா 1/50 செகண்ட், க்ராப் சென்சார்ல ஒன்றரை மடங்கு போட்டு 1/80 வச்சுக்கிட்டா சேஃப். லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருந்தா இன்னும் மெதுவா போகலாம், ஆனா அது நம்ம கை ஆட்டத்தைத்தான் பிடிக்கும், ஓடுற குழந்தையை பிடிக்காது, அதுக்கு 1/500ங்கிற மாதிரி ஸ்பீடுதான் வழி. ஷார்ப்னஸ் ஸ்லைடர் இது எதையுமே சரி பண்ணாது, ஓரத்தை கொஞ்சம் அழுத்தமாக்கி காட்டும் அவ்வளவுதான். ஷட்டரைப் பழக குழாய் தண்ணி ஒண்ணு போதும், 1/1000ல துளித்துளியா நிக்கும், கால் செகண்டுல பட்டுத்துணி மாதிரி ஆயிடும்.

ஐஎஸ்ஓ பயம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதை யாரு கிளப்பிவிட்டாங்கன்னே தெரியல. நாய்ஸ் (படத்துல புள்ளிப்புள்ளியா தெரியறது) வந்துடும்னு 400க்கு மேல போகாம இருட்டா எடுத்து அப்புறம் சாஃப்ட்வேர்ல ஏத்துறது. இதையும் டெஸ்ட் பண்ணி பாத்தேன். அபெர்ச்சர், ஷட்டர் ரெண்டையும் மாத்தாம 3200ல ஒரு ஷாட், 400ல ஒரு ஷாட், அப்புறம் 400ல எடுத்த ரா ஃபைலை (சென்சார் பதிஞ்சதை கேமரா மெருகேத்தாம சேமிக்கிற ஃபைல்) எடிட்டிங்ல மூணு ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு ஏத்தினேன். நாய்ஸ்ல ஒண்ணும் லாபமே இல்ல. சில சென்சார்ல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், சிலதுல ஏத்தினதுதான் மோசமா இருக்கும், ஏத்தினது ஜெயிக்கறதை நான் பாத்ததில்ல. காரணம் என்னன்னா சென்சாருக்கு வந்து சேர்ற வெளிச்சமே கம்மி, நாய்ஸுக்கு பெரும்பாலும் அதுதான் மூலம், ஐஎஸ்ஓ வெறுமனே அதை பெருக்கிக் காட்டுது. அதனால நாய்ஸோட வந்த ஷார்ப்பான படம், நாய்ஸ் இல்லாம ஆடிப்போன படம், ரெண்டுல எது வேணும்னா எனக்கு முதல் ரகம்தான். நாய்ஸைக் குறைக்க இப்ப நல்ல நல்ல டூல் வந்துடுச்சு.

இதெல்லாம் சேர்ந்து நான் வந்து நின்ன செட்டிங் அபெர்ச்சர் ப்ரையாரிட்டி, ஆட்டோ ஐஎஸ்ஓ, அதுல குறைஞ்சபட்ச ஷட்டர் ஸ்பீடு 1/125, கட்டைவிரல் எப்பவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயல் மேல. நூத்துக்கு தொண்ணூறு படம் இப்படித்தான். மேனுவல் மோடுல எடுக்காதவன் போட்டோகிராஃபரே இல்லன்னு ஒரு கோஷ்டி சுத்திட்டு இருக்கு, கண்டுக்காதீங்க. வெளிச்சம் மாறாத இடம், ராத்திரி ட்ரைபாட் ஷாட், பனோரமா, ஃப்ளாஷ், இதுக்கெல்லாம் மேனுவல் வேணும். மேகம் வந்து வந்து போற வெளியிடத்துல அது வெறும் வீம்பு.

ரா எடுக்கலாமா, கேமராவே முடிச்சுக் குடுக்குற ஜேபெக் போதுமான்னு ரொம்ப நாள் குழம்பாம ரெண்டையும் சேத்து எடுக்குற ஆப்ஷனை போட்டு வச்சேன். ஒரே காட்சியோட ரெண்டு ஃபைலையும் திறந்து வெளுத்துப்போன வானத்தை கீழ இறக்கிப் பாருங்க, பதில் தானா கிடைச்சுடும். ஜேபெக் 8 பிட், ஒரு கலருக்கு 256 படிதான், 14 பிட் ராவுல 16,384 படி. அதான் ஜேபெக்ல நிழலை இழுத்தா பட்டை பட்டையா உடையுது. ஆனா ராவும் கடவுள் இல்ல, முழுசா வெந்து வெள்ளையா போன இடத்துல எதுவும் மிச்சம் இருக்காது. நிழலை மீட்கலாம், வெந்த வானத்தை மீட்க முடியாது, அதனால ஹைலைட்டை, அதாவது வெளிச்சமான பகுதியை காப்பாத்தித்தான் எடுக்குறேன். இன்னொண்ணு, ராவுல எடுத்தாலும் பெரும்பாலான கேமரா காட்டுற ஹிஸ்டோகிராம் (படத்துல இருட்டும் வெளிச்சமும் எவ்ளோன்னு காட்டுற வரைபடம்) உள்ள தயாராகுற ஜேபெக்கை வச்சுதான் வரும், அதனால அது வெந்துடுச்சுன்னு கத்துறப்ப ராவுல இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும்.

ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தோட கலரை சரிக்கட்டுற செட்டிங்) ராவுல அப்புறம் மாத்திக்கலாம்ங்கறது உண்மைதான், ஆனா ஒரு எல்லை இருக்கு. பகல் வெளிச்சம் 5500 கெல்வின் பக்கம், மஞ்சள் பல்பு 3000க்கு கீழ மேல. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் பல்புன்னு இருந்தா பாதி முகம் நீலம், பாதி முகம் ஆரஞ்சு, ஸ்லைடரை எங்க வச்சாலும் ஒரு பாதி கெட்டுப்போகும். ரொம்ப நேரம் மாஸ்க் போட்டு (ஒரு பகுதியை மட்டும் பிரிச்சு எடிட் பண்ணி) போராடுறதுக்கு பதிலா எடுக்கும்போதே எந்திரிச்சு பல்பை அணைச்சிடலாம். எல்இடி லைட்ல படத்துல பட்டை பட்டையா கோடு விழறதும் இந்த மாதிரிதான், எடிட்டிங்ல அதை எடுக்கறது நரகம். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல லைட் செகண்டுக்கு நூறு தடவை துடிக்கும், அதனால 1/50, 1/100 வச்சா பெரும்பாலும் போயிடும், 60 ஹெர்ட்ஸ் இருக்குற நாட்டுல 1/60, 1/120 பக்கம். சைலண்ட் ஷட்டரையும் (சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டர்) ஆஃப் பண்ணி பாருங்க.

எடிட்டிங் பக்கம் வந்தா, கலரை எல்லாம் கத்த விடற ஒரு காலகட்டம் எல்லாருக்கும் வரும், வந்துட்டு போகட்டும். எல்லா கலரையும் ஒரேயடியா ஏத்துற சாச்சுரேஷனுக்கு பதிலா வைப்ரன்ஸை கொஞ்சமா தொட்டா போதும், ஏற்கனவே அடர்த்தியா இருக்குற கலரை அது ரொம்ப ஏத்தாது, தோல் கலரும் கெடாது. கர்வ் (இருட்டு, வெளிச்சம் எல்லாத்தையும் ஒரே கோட்டை வளைச்சு மாத்துற டூல்) புரியற வரைக்கும் கான்ட்ராஸ்ட், ஹைலைட், ஷேடோன்னு தனித்தனியா தடவிட்டு இருப்போம், புரிஞ்சதுக்கு அப்புறம் பாதி வேலை அதுலயே முடியும். ப்ரீசெட் (ஸ்லைடரெல்லாம் முன்னாடியே நகர்த்தி வச்ச ரெடிமேட் எடிட்) பத்தி என் கருத்து கொஞ்சம் கடுமையா இருக்கும், காசு குடுத்து வாங்க வேண்டியதே இல்ல, அது வேற ஒருத்தர் வேற வெளிச்சத்துல எடுத்த படத்துக்கு தைச்ச சட்டை. ஆனா இலவசமா கிடைக்கிற ஒண்ணைப் போட்டுட்டு எந்த ஸ்லைடர் எங்க நகர்ந்திருக்குன்னு பிரிச்சு பாத்தா பாடம்தான். முடிச்ச படத்தை மறுநாள் திறந்து பாக்குறது வழக்கமாயிடுச்சு, அநேகமா எல்லாத்தையும் பாதியா குறைப்பேன். ஸ்க்ரீன் பிரைட்னஸை முழுசா வச்சு எடிட் பண்ணீங்கன்னா பிரிண்ட் இருட்டாதான் வரும், இதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

சாஃப்ட்வேர் எதுன்னு கேப்பீங்க. லைட்ரூம் 2007ல இருந்து இருக்கு, சொல்லிக்குடுக்குற வீடியோ அதுக்குத்தான் ஜாஸ்தி. டார்க்டேபிள், ரா தெரபி ரெண்டும் இலவசம், இந்த முறைக்கு தாராளமா போதும். போன்ல ஸ்னாப்சீட். போன் மட்டும் இருக்கறவங்களும் ப்ரோ மோடுல ரா எடுத்து பழகலாம், ஆனா பெரும்பாலான போன்ல அபெர்ச்சர் மாறாது, ஷட்டரும் ஐஎஸ்ஓவும்தான் விளையாட்டு. அந்த ரா ஃபைல் போனோட சாதாரண படத்தை விட நாய்ஸா தெரிஞ்சா பதறாதீங்க, சாதாரண படத்துக்கு போன் பல ஃப்ரேமை எடுத்து ஒண்ணா சேத்துக்கும், ராவுல நிறைய போன் அதை பண்றதில்ல.

நீண்ட நாள்ல ரொம்ப உதவுனது யாரும் பேசாத ஒண்ணு, மெட்டாடேட்டா ஃபில்டர். ஒவ்வொரு படத்துலயும் எந்த ஃபோகல் லென்த், எந்த ஷட்டர்னு ஃபைலுக்குள்ளயே இருக்குற எக்ஸிஃப் தகவல்ல பதிஞ்சிருக்கும், அதை வச்சு நான் பிடிச்சதுன்னு ஸ்டார் போட்ட படங்களை மட்டும் பிரிச்சு பாத்தா, பெரும்பாலும் 35 எம்எம் பக்கத்துலயே குவிஞ்சு கிடந்துச்சு. பெரிய ஜூம் லென்ஸ் வாங்கற ஆசை அன்னிக்கே போச்சு. அதே மாதிரி க்ராப் பண்ண படங்களைப் பாத்தா எல்லாத்தையும் பாதிக்கு மேல வெட்டியிருக்கேன், அப்ப ஜூம் வேணாம், ரெண்டு அடி முன்னாடி நடந்தா போதும்னு ஆச்சு. ரா ஃபைல் 24 மெகாபிக்சல்ல ஒண்ணு 25, 30 எம்பி வரும், அதனால கழிச்சுக்கட்டுறதையும் பழகிக்கணும், இல்லன்னா ஹார்ட் டிஸ்க் வாங்கியே ஓஞ்சிடுவோம்.

இந்த முறை கை குடுக்காத இடம் ஃப்ளாஷ். அங்க ஷட்டர் ஸ்பீடை மாத்தினா அறை வெளிச்சம் மட்டும்தான் கூடும் குறையும், அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் அறை வெளிச்சம், ஃப்ளாஷ் வெளிச்சம் ரெண்டையும் மாத்தும், அது போக ஃப்ளாஷோட பவர்னு தனியா ஒண்ணு, 1/200 மாதிரி ஒரு சிங்க் ஸ்பீடு (ஃப்ளாஷோட ஒத்துப்போற அதிகபட்ச ஷட்டர் ஸ்பீடு) எல்லை வேற. எடிட்டிங்ல இருக்குற எக்ஸ்போஷர் ஸ்லைடருக்கு எது எந்த வெளிச்சம்னு பிரிச்சு பாக்கத் தெரியாது, எல்லாத்தையும் ஒட்டுமொத்தமா தூக்கும். அதனால அதுக்கு மட்டும் ஒரு பொம்மையை சுவர் பக்கத்துல உக்கார வச்சு, மேனுவல் மோடுல, ஃப்ளாஷை சீலிங் பக்கம் திருப்பி ஒண்ணொண்ணா மாத்தி எடுத்துட்டு இருக்கேன்.