480 டாலர் வாங்கிக்கொண்டு போலி ஆப்டிமஸ் பிரைம் அனுப்பினார்: பழைய பொம்மை வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

480 டாலர் போய்விட்டது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனின் தலைவன், சிவப்பு லாரியாக இருந்து ரோபோவாக மாறும் ஆப்டிமஸ் பிரைம். 1984இல் வெளிவந்த அந்த அசல் பொம்மை, பெட்டியோடு, ஒரு பாகம் குறையாமல் என்று சொல்லி விற்றார்கள். வந்து சேர்ந்தது போலி. விற்ற ஆள் என்னை பிளாக் செய்துவிட்டார். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அடங்கும்வரை காத்திருக்க முடியாது, ஏனென்றால் அதே ஆள் அதே பொம்மைக்கான விளம்பரத்தை இன்று காலை வேறு பெயரில் மறுபடி ஏற்றியிருக்கிறார். அடுத்தவர் பணம் அனுப்புவதற்குள் இது அவர் கண்ணில் பட வேண்டும்.

"ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு 480 டாலரா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பார்த்து வளர்ந்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். அந்தச் சிவப்பு லாரியை எனக்கு வாங்கித் தந்தவர் அப்பா. வழிமுறைத் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, லாரியை ரோபோவாக மாற்ற என்னோடு சேர்ந்து அவரும் கற்றுக்கொண்டார். லாரியின் முன்பக்கம் மார்பாகும், பின்பக்கம் காலாகும், கை முஷ்டிகளைத் தனியாக எடுத்துச் செருக வேண்டும். அந்த முஷ்டிகளைத் தொலைக்காத பிள்ளை உலகத்தில் உண்டா என்று தெரியவில்லை. பெட்டியின் பின்புறம் சிவப்புக் கோடுகளுக்கு நடுவே ஆப்டிமஸின் திறன்களுக்கான மதிப்பெண் வரைபடம் ஒன்று மறைந்திருக்கும். கூடவே வரும் சிவப்பு பிளாஸ்டிக் துண்டை அதன்மேல் வைத்தால்தான் படிக்க முடியும். வேகம் 8, சுடுதிறன் 8, மற்றதெல்லாம் 10. துணிச்சலுக்கு 10 என்று அப்பா உரக்கப் படித்த குரல் இப்போதும் காதில் இருக்கிறது. அப்பா இல்லை. அந்த லாரியும் வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது.

இந்தப் பொம்மை ஜப்பானில் டகாரா நிறுவனத்தின் டயக்ளோன் வரிசையில் பிறந்தது. அப்போது அது வெறும் லாரி ரோபோ, அதற்குள் ஒரு குட்டி மனிதர் உட்கார்ந்து ஓட்டுவார். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அதை வாங்கி, மார்வெல் காமிக்ஸ் எழுத்தாளர்களிடம் கதை எழுதித் தரச் சொன்னது. ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரை வைத்தவர் டென்னிஸ் ஓ'நீல். கார்ட்டூனில் அவருக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லன், போருக்குப் போய் வந்த தன் அண்ணனை மனதில் வைத்துத்தான் அப்படிப் பேசினார். கத்தாத தலைவன், அதட்டாத பலசாலி. எங்களைப் போன்ற பிள்ளைகளை இழுத்தது அந்தக் குரல்தான். 1986இல் வந்த திரைப்படத்தில் ஆப்டிமஸைச் சாகடித்தார்கள். பழைய பொம்மைகளை ஒதுக்கிப் புதியவற்றுக்கு இடம் பண்ண வேண்டுமாம், காரணம் அவ்வளவுதான். சிவப்பும் நீலமுமான உடம்பு சாம்பல் நிறமாக மாறும் காட்சியில் திரையரங்குகளில் பிள்ளைகள் அழுதார்கள். எதிர்ப்பு அவ்வளவு வந்ததால் 1987இல் தொலைக்காட்சித் தொடரில் அவருக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். நாற்பது வயதுக்காரர்கள் இன்றும் அந்தக் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவதை "இன்னும் சின்னப்பிள்ளைத்தனம் போகவில்லை" என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. முதன்முதலாக ஒரு சாவுக்கு அழுதது அங்கேதான் என்பவர்கள் எங்களில் நிறையப் பேர்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், அந்த ஆள் இதை வைத்துத்தான் என்னை வளைத்தார்.

பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஓர் இணையதளத்தில் விளம்பரம் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை, இப்படிப்பட்ட தளங்கள் பத்து இருக்கின்றன, எல்லாவற்றிலும் இது நடக்கும். விவரம் கேட்டு எழுதியபோது பதில் தமிழில் வந்தது. அதிலேயே பாதி மனம் இளகிவிட்டது. விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. முதலில் என் கதையைக் கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன், தொலைந்த முஷ்டியைப் பற்றிச் சொன்னேன். அன்று இரவு ஒரு குரல்பதிவு அனுப்பினார்: "அண்ணே, நானும் அந்தப் படத்தைப் பாத்துட்டு ரெண்டு நாள் சாப்பிடல. எங்க அம்மா பயந்துட்டாங்க. இதை வாங்கி மறுநாளே லாபத்துக்கு விக்கிறவன் கையில குடுக்க மனசு வரல. உங்களை மாதிரி ஒருத்தர்கிட்ட போனா போதும்." பேசும்போது குரல் லேசாகத் தழுதழுத்தது. நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? ரசிகர்களுக்குள் இப்படித்தான் பேசிக்கொள்வோம். பொம்மையிலிருந்து தொலைந்த ஒரு குட்டித் துப்பாக்கியையோ ஏவுகணையையோ காசு வாங்காமல் தபாலில் அனுப்பி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த நல்ல பழக்கத்தை அப்படியே தூண்டிலாக்கியிருக்கிறார் இந்த மனிதர்.

படங்களும் அனுப்பினார். பெட்டியின் ஓரத்தில் ஏதோ ஒரு பிள்ளை பேனாவால் கிறுக்கிய கிறுக்கல், லாரியின் இரண்டு பக்கமும் உயரமான வெள்ளிநிறப் புகைக்குழாய்கள், கொஞ்சம் தேய்ந்த ஸ்டிக்கர்கள். எல்லாம் அசல் பொம்மையின் படங்கள்தான். அதில் சந்தேகமே இல்லை. அவருடைய பொம்மையின் படங்களா என்பதுதான் கேள்வி.

அப்புறம் பணம். "தளம் வழியா போட்டா கமிஷன் எடுத்துருவான் அண்ணே, நேரா அனுப்பிடுங்க, நண்பருக்கு அனுப்புற வகையில போடுங்க" என்றார். 480 டாலர் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்ததும் ஒரு இதயக் குறி அனுப்பினார். அதுதான் அவரிடமிருந்து வந்த கடைசி அன்பு.

பார்சலைப் பிரித்ததும் மூக்கில் ஏறியது புது பிளாஸ்டிக் வாடை. நாற்பது வருடப் பொம்மை அப்படி மணக்காது. பெட்டி அச்சகத்திலிருந்து நேராக வந்ததுபோல் பளபளத்தது, கிறுக்கலைக் காணோம். திருகாணிகளில் துளி மங்கல் இல்லை. நிறுவனப் பெயர் பதிந்திருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் புகைக்குழாய்கள்: குட்டை. 2002இல் ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் இந்தப் பொம்மையை மறுவெளியீடு செய்தபோது, பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் குழாய்களைக் குட்டையாக்கியது. 1984 பொம்மையில் அவை உயரமாகத்தான் இருக்கும். ஆக, எனக்கு வந்தது மறுவெளியீட்டைப் பார்த்துச் செய்த நகல். அப்படிப்பட்ட நகலின் விலை எவ்வளவு என்று தேடிப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன். 480 டாலருக்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1985இலிருந்து சில வருடங்கள் வந்த அசல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் கறுப்பாக ஒரு சின்னச் சதுரம் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் சூட்டில் நிறம் மாறி ஆட்டோபாட் (ஆப்டிமஸின் நல்ல அணி) முகமோ டிசெப்டிகான் (எதிரி அணி) முகமோ தெரியும். அப்போதே பார்த்துச் செய்த போலிகள் கடைகளில் குவிந்ததால், "இது உண்மையானது" என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று வைத்த அடையாளம் அது. எனக்கு வந்ததிலும் அந்தச் சதுரம் இருந்தது. முதல் வருடப் பொம்மை என்று சொல்லி விற்றதில் அது இருக்கவே கூடாது. இருந்தும் தேய்த்துப் பார்த்தேன். விரல் சூடாகும்வரை தேய்த்தேன். ஒன்றும் வரவில்லை, அது வெறும் அச்சடித்த ஸ்டிக்கர்.

விற்றவருக்கு எழுதினேன். "நான் அனுப்பினப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். படங்களை ஒப்பிட்டு அனுப்பினேன். "வெளிச்சத்துல அப்படித் தெரியும்" என்றார். வெளிச்சத்தில் புகைக்குழாய் குட்டையாகுமா? பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அண்ணே"வும் போய் "நீங்க"வும் போய், "வேணும்னா போலீஸ்ல சொல்லிக்கோ" என்று வந்தது. அத்தோடு பிளாக்.

தளத்தின் உதவிப் பிரிவு இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டது: தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு வருந்துகிறோம், பணப் பரிமாற்றம் எங்கள் தளத்திற்கு வெளியே நடந்திருப்பதால் தலையிட இயலாது. விளம்பரம் அவர்கள் தளத்தில், உரையாடல் அவர்கள் தளத்தில், ஆள் அவர்கள் தளத்தில், ஆனால் பொறுப்பு மட்டும் வெளியே! பணம் அனுப்பிய செயலியிடம் கேட்டால், நண்பருக்கு அனுப்பும் வகைக்குப் பொருள் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது என்று ஒரு வரி. அந்த வகையில் அனுப்பச் சொன்னதே அவர்தான் என்று ஸ்க்ரீன்ஷாட்டோடு மறுபடி எழுதினேன். அதே வரி மறுபடி வந்தது, ஒரு எழுத்து மாறாமல். வங்கியிடமும் சொல்லியிருக்கிறேன், "பரிசீலிக்கிறோம்" என்கிறார்கள். 480 டாலர் திரும்ப வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

பணத்தைவிட எரிவது வேறு. அப்பாவைப் பற்றி நான் அவரிடம் சொன்னதெல்லாம் அவருக்கு விற்பனைக்கான தகவல். அடுத்த விளம்பரத்தில் "என் அப்பா வாங்கித் தந்தது, பிரிய மனமில்லை" என்று எழுதியிருக்கிறார். என் வார்த்தைகள் அவை.

சரி, எச்சரிக்கைக்கு வருகிறேன். விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. முக்கியமானது மட்டும்.

நண்பருக்கு அனுப்பும் வகையில் பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். கமிஷன் போனால் போகட்டும், அதை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

இன்றைய தேதியைத் தாளில் எழுதிப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். ஆப்டிமஸ் என்றால் புகைக்குழாயும் நிறுவன முத்திரையும் நெருக்கத்தில் தெரிய வேண்டும். மறுத்தால் வாங்காதீர்கள்.

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

உங்கள் சொந்தக் கதையை விற்பவரிடம் சொல்லாதீர்கள். விலையும் நிலையும் மட்டும் பேசுங்கள்.

இதே மாதிரி, தமிழில் பேசி, படம் பார்த்துச் சாப்பிடாமல் கிடந்த கதையைச் சொன்ன ஆளிடம் வேறு யாராவது வாங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள். உரையாடலையும் குரல்பதிவையும் அழித்துவிடாதீர்கள். நான் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கப் போகிறேன், ஒருவராகப் போவதைவிட நான்கு பேராகப் போனால் எடுத்துக்கொள்வார்கள்.