செல்ஃப் மோட்டார் போச்சு என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். என் காரிலிருந்து கழற்றிய செல்ஃப் மோட்டாரையே (சாவியைத் திருப்பினால் என்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) பெயிண்ட் அடித்து, புதுசு என்று சொல்லி, எனக்கே விற்றிருக்கிறார்கள். நானும் காசைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை, பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஏமாந்த விதத்தைச் சொன்னால் இன்னொருவராவது தப்பிப்பார்.

வண்டி கார்புரேட்டர் காலத்தது. ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினேன், ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி டக். புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான், நான் விடாமல் ஏழெட்டுத் தடவை அடித்தேன், கடைசியில் டக்டக்டக் என்று மரங்கொத்தி மாதிரி ஒரு சத்தமும் கூடவே பிளாஸ்டிக் பொசுங்கும் வாடையும் வந்தபோதுதான் கை தானாக விலகியது. பானெட்டைத் திறந்தால், சாவியிலிருந்து சொலினாய்டுக்கு (மோட்டாருக்குப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) வரும் மெல்லிய வயரின் மேலுறை உப்பி, ஓரிடத்தில் உருகி, உள்ளே செம்பு கறுத்துப்போய்த் தெரிந்தது.

பட்டறையிலிருந்து ஆள் வந்தார். ஸ்பேனரால் மோட்டாரின் மேல் இரண்டு தட்டு தட்டினார், சாவியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார், “ஆர்மேச்சர் போயிருச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்றார். ஆர்மேச்சர் என்றால் மோட்டாருக்குள் சுழலும் சுருள். மொத்தமே இரண்டு நிமிடம்தான் இருக்கும். மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. வயர் ஏன் எரிந்தது என்று கேட்டேன். “மோட்டார் ஜாம் ஆச்சுல்ல, லோடு தாங்காம வயர் எரிஞ்சிருச்சு, அதையும் மாத்திடுறேன்.” கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அது தப்பு என்று இப்போது தெரியும். மோட்டாருக்கு வேண்டிய கரண்ட், சிறிய பெட்ரோல் என்ஜினுக்கே 100 ஆம்பியருக்கு மேல் போகும், அது பேட்டரியிலிருந்து வரும் விரல் தடிமன் கேபிள் வழியாகத்தான் வரும். மெல்லிய வயரின் வேலை சொலினாய்டை இழுக்க வைப்பது மட்டும். மோட்டார் ஜாம் ஆனால் சூடேற வேண்டியது பெரிய கேபிள். சின்ன வயர் எரிந்திருக்கிறது, பெரிய கேபிள் மேலுறை கூட வாடவில்லை என்றால் கதை வேறு. இதை அன்றைக்கு யாராவது காதில் போட்டிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

சாயங்காலம் போனபோது வெள்ளி நிறத்தில் பளபளவென்று மோட்டார் உட்கார்ந்திருந்தது. சாவியைத் தொட்டதும் வண்டி ஸ்டார்ட். பழைய மோட்டார் எங்கே என்று கேட்டதற்கு, “அது எக்ஸ்சேஞ்சுல போயிருச்சு சார்” என்றார்கள். புதிய மோட்டார் வந்த டப்பா? குப்பையில் போட்டாச்சாம். பில்லில் ‘செல்ஃப் மோட்டார் - 1’ என்று ஒரே ஒரு வரி, பார்ட் நம்பர் கிடையாது. இத்தனையையும் பார்த்துவிட்டும் சாவியை வாங்கிக்கொண்டு வந்த என்னை என்ன சொல்வது.

ஒன்பது நாள் ஓடியது. இடையில் ஆக்சிலரேட்டர் பெடல் மட்டும் கொஞ்சம் இறுக்கமானது, அமுக்கினால் திரும்பி வர யோசித்தது. கேபிளுக்கு எண்ணெய் விட வேண்டும் போல என்று நினைத்து விட்டுவிட்டேன். பத்தாவது நாள் பழையபடி டக்டக்டக், அதே வாடை, புதிதாகப் போட்ட வயரில் புகை. இந்தத் தடவை பட்டறையில் சொன்னது: “ஃபுல் வயரிங்கையும் மாத்தணும் சார். பழைய வண்டி. தீப்பிடிச்சா அப்புறம் எங்களைச் சொல்லக் கூடாது.” தீ என்ற வார்த்தையைக் கேட்டாலே மனுஷன் தலையாட்டிவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, வயரிங் மட்டுமே பார்க்கும் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொண்டுபோனேன்.

அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டி ஸ்டார்ட் ஆகிவிடாமல் இக்னிஷன் காயில் வயரைக் கழற்றினார். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பேட்டரியைப் பார்த்தார், 12.6 இருந்தது, அதாவது பேட்டரி ஃபுல். அப்புறம் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வைத்தார், இன்னொன்றை என்ஜின் பிளாக்கில் சுரண்டிய வெறும் இரும்பில் வைத்தார், “இப்ப சாவியைத் திருப்புங்க தம்பி” என்றார். திருப்பினேன். மீட்டரில் 2.8 வோல்ட்.

அந்த இடத்தில் 0.2, மிஞ்சிப்போனால் 0.3 தான் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே எர்த் (கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) தானே, இடையில் வோல்ட்டேஜே நிற்கக் கூடாது. அது 2.8 நின்றால், மோட்டாருக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர வழியில்லாமல் எங்கேயோ திணறுகிறது என்று அர்த்தம். 100 ஆம்பியர் என்று வைத்தாலும் அந்த ஒரு வழியில் 280 வாட் சூடு. வீட்டில் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் பதினொன்றை ஒன்றாகக் கட்டிவைத்த மாதிரி.

குனிந்து டார்ச் அடித்துக் காட்டினார். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் பின்னல் எர்த் பட்டை, லக் (போல்ட்டில் மாட்டும் முனை) பக்கத்தில் பச்சை பூத்து அறுந்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் அதுவும் உதிர்ந்தது. “பெடல் டைட்டா இருக்குதா?” என்று அவராகவே கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் எர்த் அறுந்துவிட்டால், திரும்ப வேண்டிய கரண்ட் கிடைத்த உலோகத்தைப் பிடித்துக்கொண்டு போகும், எனக்கு அது ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழல் சூட்டில் இளகி, கம்பியைக் கவ்விக்கொண்டிருந்தது. ஓடும்போது பெடல் அமுங்கியபடியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் ராத்திரியில் ஒரு தடவை நினைப்பு வருகிறது.

சரி, எர்த் அறுந்ததற்குச் சின்ன வயர் ஏன் எரிய வேண்டும்? அண்ணன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சொலினாய்டுக்குள் இரண்டு சுருள், ஒன்று இழுக்க, ஒன்று பிடித்து வைக்க. இழுக்கும் சுருள்தான் கரண்ட்டை நிறையத் தின்னும், ஆனால் பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டு உள்ளே போய்ப் பெரிய காண்டாக்ட் சேர்ந்த கணமே அதன் இரண்டு முனையிலும் ஒரே வோல்ட்டேஜ் வந்து அது தானாக ஓய்ந்துவிடும். கண் இமைக்கும் நேர வேலை. எர்த் சரியில்லாததால் வோல்ட்டேஜ் விழுந்து, காண்டாக்ட் சேர்வதும் விடுவதுமாக அடித்துக்கொண்டே இருந்தால் (அந்த மரங்கொத்திச் சத்தம் அதுதான்) இழுக்கும் சுருள் ஓயவே ஓயாது, அந்தக் கரண்ட் முழுக்கச் சின்ன வயரின் தலையில் விழும். பட்டறைக்காரர்கள் போட்ட ‘புதிய வயர்’ முன்னதைவிட மெல்லியது, ஸ்பீக்கருக்குப் போடும் ரகம், சாதாரணமாக முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள், அதுவும் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி.

ஒன்பது நாள் ஓடியது எப்படி? மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது வயரையும் பட்டையையும் அசைத்ததில், அந்த நாலைந்து இழையும் கொஞ்ச நாள் ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். வேறொன்றும் இல்லை.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அண்ணன் அதைக் கழற்றினார். பெயிண்ட் ஸ்க்ரூவின் பள்ளத்துக்குள் கூட இறங்கியிருந்தது. நகத்தால் கீறினால் வெள்ளி உரிந்து அடியில் கருப்பு கிரீஸ். பின்மூடியும் உடலும் சேரும் இடத்தில், பெயிண்டுக்கு அடியிலேயே, எதிரெதிராக இரண்டு பஞ்ச் குத்துகள், ஒன்று கொஞ்சம் சாய்ந்து. அந்தக் குத்து எனக்குத் தெரியும். சில வருடத்துக்கு முன் புஷ் (மோட்டாரின் தண்டைத் தாங்கும் வளையம்) மாற்றியபோது, மூடியைத் திரும்ப அதே இடத்தில் பொருத்துவதற்காக லேத்காரர் குத்தினார், மோட்டாரை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான், இரண்டாவது குத்தில் என் கை நழுவித்தான் அது சாய்ந்தது. உள்ளே கார்பன் பிரஷ்ஷைக் கூட மாற்றவில்லை. பாதி தேய்ந்த பழசு அப்படியே இருந்தது. இதில் ஒரு வேடிக்கை, மோட்டார் நன்றாகவே இருக்கிறது. முதலிலிருந்தே அதற்கு ஒன்றும் இல்லை.

அண்ணன் செய்த வேலை பெரிய வேலையே இல்லை. பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றினார், எல்லாம் முடிந்ததும் கடைசியில் மாட்டினார். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் பழைய வண்டிகளில் பெரும்பாலும் செல்ஃப் கேபிளுக்கு ஃபியூஸே கிடையாது, ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங்தான். புதிய எர்த் பட்டை, இரண்டு முனையிலும் பெயிண்டையும் துருவையும் இரும்பு மின்னும்வரை சுரண்டிவிட்டு. மெல்லிய வயருக்குப் பதில் 4 சதுர மில்லிமீட்டர் வயர், முறுக்காமல் லக் வைத்துக் கிரிம்ப் செய்து, எக்ஸாஸ்டைச் சுற்றி வேறு பாதையில். கூடவே ஒரு ரிலே, அதாவது சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச் (எண்கள் அதன் கால்களுடையவை): சாவியிலிருந்து வரும் வயர் 86இல், 85 எர்த்தில், பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30இல், 87 சொலினாய்டுக்கு. இப்போது சாவி சுவிட்ச் ரிலேயின் சின்னச் சுருளை மட்டும் இழுத்தால் போதும், பழைய சுவிட்சின் காண்டாக்டும் பிழைக்கும். ஆக்சிலரேட்டர் கேபிளையும் மாற்றினோம். கடைசியாக மறுபடி மீட்டர் வைத்தார், எர்த் பக்கம் 0.1, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.5. (9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படச் சொன்னார்.)

யாராவது உங்களிடம் மோட்டார் போச்சு என்றால், எர்த் பக்கம் எத்தனை வோல்ட் விழுகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கழற்றிய பாகம் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், முடிந்தபின் கேட்டால் அது எப்போதும் எக்ஸ்சேஞ்சில்தான் போயிருக்கும். டக் சத்தம் மட்டும் வந்தால் என்னை மாதிரி அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். வாடை வந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்.

மோட்டாரின் படத்தை எடுத்துக்கொண்டு நேற்று பட்டறைக்குப் போனேன். பஞ்ச் குத்தைக் காட்டினேன். “கம்பெனியிலேயே அப்படித்தான் வரும் சார்” என்றார் முதலாளி. இன்னொரு புது மோட்டார் எடுத்துக் காட்டுங்கள், அதிலும் குத்து இருக்கிறதா பார்க்கலாம் என்றேன். ஸ்டாக் இல்லையாம். கொஞ்ச நேரம் இருவரும் சும்மா நின்றோம். அப்புறம் குரலை இறக்கி, “சரி விடுங்க சார், அதைக் கழட்டி சர்வீஸ் பண்ணி மாட்டின கூலியைக் கழிச்சுக்கிட்டு மீதியைத் தர்றேன்” என்றார். சர்வீஸ் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்தே வந்துவிட்டதால், அதை அப்படியே பில்லில் திருத்தி எழுதிக் கொடுங்கள் என்றேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.