வீட்டிலேயே மாற்றிய லாரி ஹெட் கேஸ்கட்: இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு

ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே, எரிந்த புகையும் கூலன்ட்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலக்காமல் அடைக்கும் தகடு. அதை மாற்றிய எந்த வண்டியும் முதல் மாதம் நன்றாகத்தான் ஓடும். அதனால்தான் வேலை முடிந்த சூட்டோடு எழுதவில்லை. சுமையோடு இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. கூலன்ட் குறையவில்லை, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் மேல் ஹோஸ் இறுகி இருப்பதில்லை, மேட்டில் ஏறும்போது சூட்டு முள் எகிறுவதில்லை. பழைய ஆறு சிலிண்டர் டீசல் இது. வெட் லைனர் (பிஸ்டன் ஓடும் தனிக் குழாய், வெளிப்புறம் கூலன்ட்டில் நனையும்), ஏர் பிரேக், கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் டீசல் பம்ப்.

இந்த மாதிரி வண்டியில் ரேடியேட்டரில் குமிழி வந்தால் உடனே ஹெட்டை இறக்கக் கிளம்ப வேண்டாம். ஏர் பிரேக் கம்ப்ரஸரும் எஞ்சின் கூலன்ட்டில்தான் குளிர்கிறது. அதன் தலையில் உள்ள சின்ன கேஸ்கட் போனாலும் காற்று கூலன்ட்டுக்குள் நுழைந்து அதே குமிழியைக் காட்டும். பிரித்தறிய இரண்டு வழி உண்டு. டேங்கில் காற்று நிரம்பி, 8 பார் பக்கம் கவர்னர் கட் ஆகி கம்ப்ரஸர் காற்று தள்ளுவது நின்றதும் குமிழி அடங்குகிறதா என்று பார்க்கலாம். அடங்கினால் சந்தேகம் கம்ப்ரஸர் மேல்தான். இன்னொன்று, ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம். எரிந்த புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது நிறம் மாறும். கம்ப்ரஸர் தள்ளும் வெறும் காற்றுக்கு மாறாது. என் வண்டியில் நிறம் மாறியது. அதன் பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன்.

கழற்றுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வால்வைத் தள்ளும் புஷ் ராடுகளை வரிசை மாறாமல் அட்டையில் குத்தி வைப்பது, டீசல் பைப் முனைகளை உடனே மூடி வைப்பது, ஹெட் போல்ட்டை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவது, இவ்வளவுதான். இரும்பு ஹெட்டைத் தூக்க மட்டும் செயின் பிளாக் கட்டாயம். ஆள் பலத்தில் தூக்குகிறேன் என்று யாராவது வந்தால் டீ கொடுத்து உட்கார வையுங்கள்.

கழற்றிய கேஸ்கட்டில் 5, 6-ஆம் சிலிண்டர்களுக்கு நடுவே வளையம் கருகி அரித்துப்போயிருந்தது. கேஸ்கட் தரமில்லை என்று அதோடு முடித்திருக்கலாம். ஆனால் வெட் லைனர் எஞ்சினில் லைனரின் விளிம்பு பிளாக் மட்டத்தை விடக் கொஞ்சம் மேலே எழும்பி நிற்க வேண்டும். பொதுவாக 0.1 மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே. சரியான அளவு அந்தந்த எஞ்சின் மேனுவலில் இருக்கும். கேஸ்கட்டின் வளையத்தை நெருக்கிப் பிடிப்பதே அந்த எழும்பல்தான். டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது 6-ஆம் லைனர் மற்றவற்றை விட உள்ளே இறங்கியிருந்தது. இப்படி அளக்கும் முன் லைனர்களை கிளாம்ப் போட்டு அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் உள்ள ரப்பர் ஓ-ரிங் தூக்கிக் கொடுத்து அளவு பொய் சொல்லும். ஹெட் இல்லாத நேரத்தில் கிளாம்ப் போடாமல் கிராங்கைச் சுற்றினால் லைனரே பிஸ்டனோடு மேலே வந்துவிடலாம்.

ஆக, சம்ப்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கி, அந்த பிஸ்டனையும் லைனரையும் எடுத்து, உட்காரும் படியைச் சுத்தம் செய்து, அடியில் ஷிம் (உயரம் கூட்டும் மெல்லிய வளையத் தகடு) கொடுத்து, புது ஓ-ரிங்கோடு திரும்ப இறக்க வேண்டியதாயிற்று. வேலை இரட்டிப்பு. ஆனால் இன்று வரை கேஸ்கட் தாங்குகிறது என்றால் பாதிக் காரணம் அந்த ஷிம்தான் என்பேன். புதிதாகப் போட்ட கேஸ்கட் பழையது எந்த பிராண்டோ அதேதான்.

ஹெட்டை மட்டும் லேத்துக்கு அனுப்பினேன். பிரஷர் டெஸ்ட், ஃபேஸிங் (அடிப்பரப்பை இழைத்துச் சமமாக்குவது) இரண்டையும் வீட்டில் செய்ய முடியாது. ஃபேஸிங்கிலும் கவனம் வேண்டும்: அளவுக்கு மீறி இழைத்தால் வால்வு பிஸ்டனை நெருங்கிவிடும். சில டீசல் ஹெட்டுகளை இழைக்கவே கூடாது என்று மேனுவலே சொல்கிறது. பிளாக் மேல் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டை கிரைண்டரில் மாட்டும் உரசு டிஸ்க்கால் தேய்க்கவில்லை. அதன் துகள் ஆயிலில் கலந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். ஸ்கிரேப்பரும் பொறுமையும் போதும்.

போல்ட் துளைகளில் தேங்கியிருந்த ஆயிலையும் கூலன்ட்டையும் காற்றடித்து எடுத்தேன். அடி மூடிய துளையில் திரவம் நின்றால் முடுக்கும்போது அது நசுங்க இடமின்றி பிளாக்கே வெடிக்கலாம். முடுக்கும் விசையை (டார்க்) அளக்கும் டார்க் ரெஞ்சும் தப்பு அளவு காட்டும். போல்ட் எல்லாம் புதிது, நடுவிலிருந்து வெளியே, மேனுவல் சொன்ன படிகளில். இந்த எஞ்சினுக்குச் சூடாக்கி ஆறிய பின் மறுபடி டார்க் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்து, டேப்பெட்டும் (வால்வு இடைவெளி) திரும்ப செட் செய்தேன். எல்லா எஞ்சினுக்கும் இது பொருந்தாது. ஆங்கிள் கணக்கில் முடுக்கும் புது வகை போல்ட்டுகளைத் திரும்பத் தொடவே கூடாது.

செலவில் வீண் என்று தோன்றியது எதுவும் இல்லை. ரேடியேட்டரை அடைப்பு எடுத்தது, தெர்மோஸ்டாட், ஹோஸ், இன்ஜெக்டர் அடியில் உள்ள செம்பு வாஷர்கள் என எல்லாம் திறந்த கையோடு மாற்றியவை. கூலன்ட்டில் இப்போது வெறும் தண்ணீர் இல்லை. வெட் லைனருக்கான சேர்மானம் உள்ளது. சிலிண்டருக்குள் டீசல் வெடித்து எரிவதில் லைனர் அதிரும்போது அதன் வெளிச்சுவரில் நுண்குமிழிகள் உண்டாகி உடையும். வெறும் தண்ணீர் என்றால் அந்த அடியில் லைனர் பொத்தலாகும் வரை அரிக்கும்.

இப்போதைக்கு ஒரே தொந்தரவு, டேப்பெட் கவர் ஓரம் ஆயில் கசிகிறது. கார்க் கேஸ்கட் காய்ந்துபோயிருக்கும். அடுத்த ஆயில் மாற்றும்போது ரப்பரில் கிடைத்தால் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.