டார்க் ஷேடோஸ்: மேகி காணாமல் போனதா, விக்டோரியா காணாமல் போனதா?

1966 முதல் 1971 வரை அமெரிக்காவின் ஏபிசியில் பகல் நேரத்தில் ஓடிய திகில் தொடர் 'டார்க் ஷேடோஸ்'. மொத்தம் 1225 பகுதிகள். எல்லாவற்றையும் பார்க்க யாருக்கு நேரம்? 1967-இல் வந்த இரண்டு 'காணவில்லை' கதைகளில் ஒன்றைப் பிடித்தால் போதும்.

முதலாவது மேகி. காப்பிக் கடையில் வேலை செய்யும் பெண், ஜோ என்ற காதலனும் உண்டு. ரத்தக்காட்டேரி பார்னபஸ் அவளைக் கடத்தி, இறந்துபோன தன் காதலி ஜோசெட்டாகவே மாற்றப் பார்க்கிறான். ஜோசெட்டின் திருமண உடை, ஜோசெட்டின் இசைப்பெட்டி. பெட்டியைத் திறந்தால் அதே மெல்லிய மெட்டு, திரும்பத் திரும்ப. மேகிக்குத் தன் பெயரே நழுவும் அந்தக் காட்சிகளில் ரத்தம் தேவையே இல்லை, மெட்டே வயிற்றைப் பிசைகிறது. ஊரெல்லாம் தேடும் ஜோவைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும்.

விக்டோரியா கதை வேறு மாதிரி. ஆவியை அழைக்கும் கூட்டத்தில் உட்கார்ந்தவள் மறைந்து, 1795-இல் போய் விழுகிறாள். பார்னபஸ், ஜோசெட், பொறாமையில் சூனியம் வைக்கும் பணிப்பெண் ஏஞ்சலிக் என முக்கோணக் காதலின் வேர் அங்கேதான். சூனியக்காரி என்ற பழி மட்டும் பாவம் விக்டோரியா தலையில்.

கதை வளம் இரண்டாவதில்தான் அதிகம். ஆனாலும் நான் மேகிக்கே ஓட்டுப் போடுவேன். ஜோசெட்டாக நடித்ததும் அதே கேத்ரின் லீ ஸ்காட்தான். மேகியை முதலில் பார்த்துவிட்டு 1795-க்குப் போனால், அந்த முகம் கதவைத் திறந்து வரும்போது தூக்கிவாரிப் போடும்.