பழைய இசைத்தட்டுக் கடை: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தனியார் நடத்தும் சிறிய இசைத்தட்டுக் கடையின் அக்கறை அலமாரியிலேயே தெரிந்துவிடும். தட்டுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கையாக அடுக்கினாலோ சாய்த்து வைத்தாலோ நாளடைவில் வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு.

நல்ல கடையில் போட்டுக் கேட்க ஒரு டர்ன்டேபிள் இருக்கும். பலரும் முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வாங்குகிறார்கள். கேட்க வேண்டியது ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்.பி. என்ற நெடுநேரத் தட்டில் ஊசிக்கடியில் வரிப்பள்ளம் நகரும் வேகம் வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ., உள்ளே 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் தேய்மானத்தின் கரகரப்பு அங்கேதான் முதலில் காதில் விழும்.

தட்டின் தரத்தை 'வி.ஜி.' (வெரி குட்) என்று எழுதிய சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பெயர் 'மிக நன்று' என்றாலும் இரைச்சல் இருக்கும். 'வி.ஜி. பிளஸ்' முதல் மேலே எடுப்பதே நிம்மதி. விளக்கொளியில் தட்டைச் சாய்த்துப் பாருங்கள்: மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் ஒலிக்காது, நகத்தில் தட்டுப்படும் கீறல் 1.8 நொடிக்கு ஒருமுறை 'டக்' என்னும்.

லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்த எண்ணையும் படியுங்கள். எந்தப் பதிப்பு என்பதற்கு அதுதான் நம்பகமான சான்று; உறை மாறியிருக்கலாம்.

78 சுற்று அரக்குத் தட்டுக்கு அகலமான தனி ஊசி வேண்டும். அந்தத் தட்டை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். இதைக் கேட்காமலே சொல்லி அனுப்பும் கடைக்காரரைத் தாராளமாக நம்பலாம்.