வீல்சேர் கால்தாங்கியை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

டர்பனில், குறிப்பாக சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம், வீல்சேரில் இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது காலில் உணர்வு குறைவு. சர்க்கரையும் உண்டு. நாற்காலி நல்ல நாற்காலிதான், தேய்ந்து போனது கால்தாங்கி மட்டுமே. இடது பக்கப் பூட்டு தேய்ந்து, வாசற்படியில் சக்கரம் இடித்தாலே கால்தாங்கி வெளியே திரும்பிக்கொள்ளும், பாதம் கீழே விழுந்துவிடும். கெண்டைக்காலுக்குப் பின்னால் இருக்கும் மெத்தை கிழிந்து உள்ளே தகடு தட்டியது. பாதப்பலகையின் போல்ட்டு கடல் காற்றில் துருப்பிடித்திருந்தது. ஆக, மாற்ற வேண்டியவை ஒரு பூட்டு, ஒரு மெத்தை, ஒரு போல்ட்டு.

கடையில் அதெல்லாம் தனியாக வராது, இரண்டு பக்கமும் முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். எவ்வளவு ஆகும் என்று எழுதித் தரச் சொன்னேன். பில்லில் போட்டுத் தருகிறோம் என்றார்கள். வாயால் சொன்ன தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பில்லில் வந்தது.

வீட்டுக்கு வந்து திருப்பினால் பாதப்பலகை முன்சக்கரத்தில் முட்டுகிறது. கால்தாங்கி கீழே சாயும் கோணம் எல்லா நாற்காலிக்கும் ஒன்றல்ல: 60, 70, 80, 90 டிகிரி என்று வரும். கோணம் கூடக் கூட பாதம் உள்ளே, முன்சக்கரத்தை நெருங்கிப் போகும். எங்கள் நாற்காலிக்கு 70. அவர்கள் மாட்டியது 90. பெயிண்ட் புதிதாகப் பளபளத்தது. ஓரத்தில் சுரண்டியதும் அடியில் பழைய நிறம் தெரிந்தது. யாருடைய நாற்காலியிலிருந்தோ கழற்றியதைப் பூசி, "புதியது" என்று பில்லில் எழுதியிருக்கிறார்கள்.

இதைவிட என்னைப் பதற வைத்தது வேறு. பலகையைப் போதுமான அளவு கீழே இறக்க முடியவில்லை. அதனால் அப்பாவின் முழங்கால் உயர்ந்து, தொடை மெத்தையை விட்டுத் தூக்கிக்கொண்டது. உடம்பின் பாரம் முழுவதும் பிட்டத்து எலும்பில் இறங்கியது. குளிப்பாட்டும்போது அக்காதான் பார்த்தாள், அழுத்தினாலும் மறையாத சிவப்பு. படுக்கைப்புண்ணின் தொடக்கம் அது. சில நாள் உட்கார வைக்கவே கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். தினமும் காலையில் வாசலில் உட்கார்ந்து தெருவில் போகிற வருகிறவர்களிடம் பேசுகிற மனிதர், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அதற்கும் முன்பே கோயில் சாய்தளத்தில் ஒரு நட்டு கழன்று விழுந்திருந்தது. அதிர்வில் தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு போட வேண்டும், அவர்கள் போட்டது சாதா நட்டு. தம்பி பக்கத்தில் இருந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டான்.

சரி, எங்கள் பழைய பாகங்களையாவது கொடுங்கள் என்று கேட்டேன், வலது பக்கம் நன்றாகத்தானே இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள்.

நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 67ஆம் பிரிவின்படி, நாம் வேண்டாம் என்று சொன்னாலொழிய, கழற்றிய பாகங்களைத் தனியே வைத்து நம்மிடம் திருப்பித் தர வேண்டும். 57ஆம் பிரிவு, ரிப்பேரில் போட்ட பாகத்துக்கும் செய்த வேலைக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. முன்கூட்டி மதிப்பீடு தந்து சம்மதம் வாங்குவதைப் பற்றி 15ஆம் பிரிவு பேசுகிறது. கடையில் இந்த எண்களைச் சொன்னதும் குரல் மாறியது, பணம் மட்டும் வரவில்லை. பில், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் கன்சியூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே புகார் கொடுக்க நமக்குக் கட்டணம் இல்லை.

நாற்காலியைக் கடையில் விடுமுன் கால்தாங்கியை இரண்டு பக்கமும் படம் எடுங்கள், இருக்கைச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் சேர்த்து. திரும்ப வாங்கும்போது உட்காருகிறவரை அங்கேயே உட்கார வைத்துப் பாருங்கள். தொடை மெத்தையில் சமமாகப் படிய வேண்டும், பாதப்பலகைக்கும் தரைக்கும் நடுவே 5 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், முழுச் சுற்றுச் சுற்றினாலும் எதுவும் முட்டக் கூடாது. அப்புறம்தான் பணம்.

அப்பாவுக்கு இப்போது சிவப்பு மறைந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியின் தெரபிஸ்ட் அளவெடுத்து, நாற்காலி செய்த கம்பெனியின் பாகத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார். அது வரும்வரை இரவல் நாற்காலிதான். ஆம்பட் பதில் வந்ததும், எது வந்தாலும் அப்படியே எழுதுகிறேன். இதே மாதிரி பூசிய பாகம் உங்களுக்கும் வந்திருந்தால், பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.