கிறிஸ் பாலா, வெஸ்ட்புரூக்கா? கட்சி மாறியவன் கணக்கு

2019 ஜூலையில், அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில், ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கிறிஸ் பாலையும் சில டிராஃப்ட் வாய்ப்புகளையும் (புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை) வாங்கிக்கொண்டது. அதுவரை நான் வெஸ்ட்புரூக் கட்சி. கிறிஸ் பாலைக் கண்டாலே ஆகாது. நடுவரிடம் ஓயாத வழக்கு, சக வீரர்களிடம் ஓயாத அதட்டல், லேசாக உரசினாலே தரையில் விழுந்துவிடும் நடிப்பு. அமெரிக்காவில் இரவு ஆடினால் நமக்கு விடிகாலை. ஆபீஸ் கிளம்புவதற்குள் ஒரு ஆட்டம்தான் பார்க்க முடியும். ஆள் பின்னால் போவதா, அணியோடு இருப்பதா? அணியோடு இருந்துவிட்டேன். ஆறே மாதத்தில் கட்சியும் மாறிவிட்டது.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். இருவரும் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து அணியின் ஆட்டத்தை நடத்துபவர். இருவரும் டிராஃப்டில் 4-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர்கள், பால் 2005-இல், வெஸ்ட்புரூக் 2008-இல். இருவரும் ஒருமுறை ஃபைனல் வரை போய்த் தோற்றவர்கள். வேகம், தாவல், ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது) எல்லாவற்றிலும் வெஸ்ட்புரூக்தான், அதில் பேச்சே இல்லை. ஆறடி ஆளான பால் அந்தப் பந்தயத்துக்கே வருவதில்லை.

2016-17 சீசனில் வெஸ்ட்புரூக் ஆட்டத்துக்குச் சராசரியாக 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட் (சக வீரர் கூடையில் போடக் கொடுத்த பாஸ்) எடுத்தார். 42 டிரிப்பிள்-டபுள் (ஒரே ஆட்டத்தில் இந்த மூன்றும் பத்தோ அதற்கு மேலோ), சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது. அந்த 42-ஆவது டென்வரில் வந்தது. 50 புள்ளி போட்டதோடு நிற்காமல், கடைசி மணி அடிக்கும்போது 36 அடியிலிருந்து எறிந்து டென்வரின் பிளேஆஃப் கனவையும் முடித்து வைத்தார். அன்று காலை எங்கள் வீட்டில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

பிறகு ஏன் கட்சி மாறினேன்? டர்னோவர்தான் காரணம், அதாவது ஷாட் எடுக்கும் முன்பே பந்தை எதிரணியிடம் தொலைப்பது.

ஒரு ஆட்டத்தில் ஒரு அணியின் கைக்குப் பந்து ஏறக்குறைய நூறு முறைதான் வரும். அது அளந்து போட்ட ரேஷன். அதை வைத்துக் குடும்பம் நடத்த வேண்டியவர் பாயிண்ட் கார்டு. அந்த எம்விபி சீசனில் வெஸ்ட்புரூக் 438 முறை பந்தைத் தொலைத்தார், ஆட்டத்துக்கு ஐந்துக்கு மேல். பந்து எந்நேரமும் அவர் கையிலேயே இருந்தது, வேறு ஆளும் இல்லை, அதனால் அதிகம் தொலைத்தார் என்று சொல்லலாம். நியாயமான வாதம்தான். ஆனால் பந்தை எப்போதும் கையில் வைத்திருப்பதுதான் பாலுக்கும் வேலை. அவருடைய வாழ்நாள் சராசரி இரண்டரையைக் கூடத் தொடாது. வெஸ்ட்புரூக் அந்த ஆண்டு இரண்டு அசிஸ்ட்டுக்கு ஒரு பந்தைத் தொலைத்தார். பால் நாலு அசிஸ்ட்டுக்கு ஒன்று. பறிபோகும் பந்து நம் ஷாட்டை மட்டும் கெடுப்பதில்லை, எதிரணிக்கு ஆளில்லாத கூடையையும் திறந்துவிடுகிறது.

2016 டிசம்பரில், அப்போது ஆடிய கிளிப்பர்ஸ் அணிக்காக, நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக 20 புள்ளி, 20 அசிஸ்ட், பூஜ்யம் டர்னோவர் என்று பால் ஒரு கணக்கு எழுதினார். டர்னோவரைக் குறித்துவைக்கத் தொடங்கிய பிறகு அப்படி யாருமே அதற்குமுன் செய்ததில்லை.

இவரால் இது எப்படி முடிகிறது என்று வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரீனை (எதிராளியை வழிமறித்து நிற்கும் சக வீரரை) சுற்றி உள்ளே நுழைந்ததும் எல்லாரும் வேகம் எடுப்பார்கள், இவர் வேகத்தைக் குறைப்பார். துரத்தி வருபவரைத் தன் முதுகிலேயே ஒட்டவைத்துக்கொண்டு, இடுப்பால் தடுத்தபடி நகர்வார். பந்து எதிராளிக்கு எட்டாத கையில் இருக்கும். ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காத இலவச எறி) கோட்டின் வலது முனைக்கு வந்ததும் சட்டென்று நிற்பார். பின்னால் வந்தவர் மேலே மோதினால் ஃபவுல், மோதாவிட்டால் ஷாட். ஷாட்டைத் தடுக்கப் பெரிய ஆள் முன்னே வந்தால் பந்து அவர் தலைக்கு மேலே போகும்.

வெஸ்ட்புரூக்கின் வெறி முகத்தில் தெரியும், கூரை வரை கேட்கும். பாலின் வெறி கஞ்சனுடையது. 2019 டிசம்பரில் மினசோட்டா ஆட்டம். முடிய 1.1 விநாடி, தண்டர் பின்தங்கியிருக்கிறது. மினசோட்டாவின் ஜோர்டன் பெல் சட்டையை உள்ளே விடாமல் கோர்ட்டுக்குள் வருகிறார். பால் நடுவரைக் கூப்பிட்டுச் சட்டையைக் காட்டுகிறார். சட்டை வெளியே இருந்தால் ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதாகக் கணக்கு. அதற்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியிருந்த அணி அது, அதனால் டெக்னிக்கல் ஃபவுல், தண்டருக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. தண்டரின் கலினாரி அதைப் போட்டார். அப்புறம் ஸ்டீவன் ஆடம்ஸ் கோர்ட்டின் மறுகோடிக்கு எறிந்த பந்தை ஷ்ரோடர் பிடித்துக் கூடையில் போட, சமன். ஓவர்டைமில் தண்டர் ஜெயித்தது. புகார் சொல்லும் பையன்போல் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 1.1 விநாடியில் எதிராளியின் சட்டையைக் கவனிக்க எந்த மனுஷனுக்குத் தோன்றும்?

என் கட்சிக்கு எதிரான சாட்சி ஒன்றும் உண்டு, மறைக்க மாட்டேன். 2014 பிளேஆஃப் இரண்டாம் சுற்று, பாலின் கிளிப்பர்ஸுக்கும் வெஸ்ட்புரூக்கின் தண்டருக்கும் 5-ஆவது ஆட்டம். 49 விநாடி இருக்கும்போது கிளிப்பர்ஸ் 7 புள்ளி முன்னால். பால் பந்தைத் தொலைத்தார். மூன்று புள்ளிக்கு எறிந்த வெஸ்ட்புரூக்கை ஃபவுல் செய்தார், அவர் மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டார். கடைசி வாய்ப்பிலும் பால் பந்தை விட்டார். 105-104, தண்டர் ஜெயித்தது. அன்று நான் தண்டருக்குக் கை தட்டியவன்.

உடம்பிலும் பாலுக்குக் குறை உண்டு. 2018-இல் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரில் அவருடைய அப்போதைய அணி ஹூஸ்டன் 3-2 என்று முன்னால் இருந்தபோது தொடைத்தசை போனது. மிச்ச இரண்டு ஆட்டமும் அவர் இல்லாமலே போயின. வெஸ்ட்புரூக் முதல் ஐந்து சீசனில் லீக் சுற்றில் ஒரு ஆட்டம்கூடத் தவறவிடவில்லை. இருவரில் யாரோடு சேர்ந்து ஆடுவது சுகம் என்று கேட்டால், டிவியில் பார்க்கிற எனக்கு ஊகம்தான். ஒருவேளை வெஸ்ட்புரூக்காக இருக்கலாம்.

2020-இல் ஆர்லாண்டோவில், ரசிகர்களே இல்லாத அரங்கில், இருவரின் புது அணிகளும் முதல் சுற்றிலேயே மோதின. 6-ஆவது ஆட்டத்தில் 13 விநாடி இருக்கும்போது பால் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டு 102-100 ஆக்கினார். பதிலுக்கு வந்த வெஸ்ட்புரூக் பந்தை எல்லைக்கு வெளியே எறிந்தார். அன்றைய அவருடைய 7-ஆவது டர்னோவர் அது. இன்னும் ஹூஸ்டன் கட்சியில் இருக்கும் நண்பனுக்கு அதே நிமிஷம் போன் போட்டேன், எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து 7-ஆவது ஆட்டத்தில் பால் 19 புள்ளி, 11 ரீபவுண்ட், 12 அசிஸ்ட் எடுத்தார். டிரிப்பிள்-டபுள். ஹூஸ்டன் 104-102 என்று ஜெயித்தது. இந்த முறை போன் அங்கிருந்து வந்தது. "டிரிப்பிள்-டபுள் போட்டா ஜெயிக்க முடியாதுன்னு நீதானேடா சொல்லுவே?" என்றான்.